நான்கு பட்டமும் இரண்டு பட்டமும்

நவோயா இனோவே நான்கு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். ஃபைட்டிங் ஹராடா இரண்டில். ஆகவே ஜப்பானின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் இனோவேதான் என்று பலர் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். காரணம்தான் நொண்டுகிறது.

இனோவே வென்ற பிரிவுகளின் வரம்பு 108, 115, 118, 122 பவுண்டு. ஹராடா களமாடிய 1960களில் ஃபெதர்வெயிட் வரைக்கும் மூன்றே படிகள்: 112, 118, 126. இடைப்படிகள் 1975 தொடங்கி ஒவ்வொன்றாகச் செருகப்பட்டவை. அதாவது, இனோவேயின் நான்கு பட்டங்களில் மூன்றுக்கு அன்று பிரிவே கிடையாது! இது அவர் குற்றமல்ல; இருக்கிற படியில்தானே ஏற முடியும்? ஆனால் ஹராடா 112 பவுண்டிலிருந்து (50.8 கிலோ) 118க்கு (53.5 கிலோ) ஒரே தாவாகத் தாவினார். ஹெவிவெயிட் வீரருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இவ்வளவு சிறிய உடலுக்கு அது வேறொரு எதிராளி. அடுத்து 126க்கும் போனார். 1969இல் சிட்னியில் அந்தப் பிரிவின் சாம்பியன் ஜானி ஃபேமச்சனைத் தரையில் வீழ்த்தியும் புள்ளிக்கணக்கில் தோற்றார். அந்த முடிவு இன்றும் சர்ச்சைதான்.

எடை பார்க்கும் நேரமும் மாறிவிட்டது. அன்று சண்டை நாளிலேயே தராசில் ஏறவேண்டும். இன்று முந்தின நாளே முடிந்துவிடுகிறது. வற்றவைத்த உடம்புக்கு ஓர் இரவு முழுக்கத் தண்ணீரும் சோறும் கிடைக்கிறது. 118 என்ற எண் ஒன்றுதான், வளையத்துக்குள் நிற்கும் ஆள் ஒன்றல்ல.

தோல்விக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். ரிக்கார்டோ லோபஸ் 51 வெற்றி, ஒரு சமன், தோல்வியே இல்லை. அவர் கோலோச்சிய 105 பவுண்டுப் பிரிவு பிறந்ததே 1987இல். வேல்ஸின் ஜிம்மி வைல்ட் ஏறக்குறைய அதே எடைக்காரர். ஆனால் தன்னைவிடக் கனமானவர்களோடுதான் காலமெல்லாம் மோதினார். 1921இல் அவரைச் சாய்த்த பீட் ஹெர்மன் அதற்குச் சற்று முன்புவரை பேண்டம்வெயிட் சாம்பியன். அந்தத் தோல்வியை லோபஸின் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்து வைல்டைக் குறைத்துப் பேசுவது அநியாயம். திருவிழாக் கூடாரங்களில் அவர் போட்ட சண்டைகளுக்கோ முழுக் கணக்கே இல்லை.

அப்படியானால் ஒப்பீடே வீணா? இல்லை. கணக்கை விட்டுப் படச்சுருளுக்குப் போகவைத்தால் அது உருப்படியான வேலை. 2019இல் சைத்தாமாவில் இனோவேக்கும் நோனிட்டோ டோனேருக்கும் நடந்த சண்டையைப் பாருங்கள். இரண்டாம் சுற்றிலேயே இனோவேயின் கண்குழி எலும்பு முறிந்துவிட்டது. பதினோராம் சுற்றில் அவருடைய இடக்கை டோனேரின் ஈரலில் இறங்குகிறது. டோனேர் உடனே விழவில்லை. திரும்பி, சில அடி நடந்து, பிறகுதான் மடங்கி உட்காருகிறார். முறிந்த எலும்போடு பன்னிரண்டாம் சுற்றுவரை நின்று வென்ற அந்தத் திடம் எந்தப் பட்டப் பட்டியலிலும் ஏறாது.

குத்தின் தரத்தில் இனோவேக்கே என் ஓட்டு. ஆனால் ஒரே ஒரு வெற்றியை எடு என்றால், 1965இல் நாகோயாவில் எடர் ஜோஃப்ரேயை ஹராடா வென்றதைத்தான் எடுப்பேன். அதுவரை தோல்வியே அறியாத பிரேசில்காரரை, பதினைந்து சுற்றும் மேலேறி மேலேறி, மூச்சுவிடாமல் நெருக்கி வாங்கிய பட்டம் அது. அடுத்த ஆண்டு டோக்கியோவில் மறுபடியும் வென்றார். ஜோஃப்ரே தன் வாழ்நாளில் தோற்றது இந்த இரண்டு சண்டைகளில் மட்டுமே. எடை குறைக்க அவர் திணறினார் என்பது உண்மை. ஆனால் ஆட்டம் ஓய்ந்துபோனவரைத்தான் ஹராடா அடித்தார் என்ற வாதம் நிற்காது. 1973இல், 37 வயதில், அதே ஜோஃப்ரே ஃபெதர்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார்.