தகர்ந்தது ஊரா?

கதாநாயகன் இல்லை, காதல் பாட்டு இல்லை, கண்ணீர் சிந்தும் தாய் இல்லை. ஓடுவதோ 13 நிமிடம்! இது படமா, பித்துக்குளித்தனமா என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். 1968-இல், பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸ் நகரில், 18 வயது நங்கை சந்தால் அக்கர்மான் தாமே இயக்கித் தாமே நடித்த குறும்படம் அது. பிரெஞ்சு மொழியில் இட்ட பெயருக்குப் பொருள், "என் ஊரைத் தகர்" என்பதாம்.

மாடிமேல் மாடி அடுக்கிய கட்டடம். பூங்கொத்தேந்தி வருகிறாள் ஒருத்தி. மின்தூக்கிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, அதற்குக் காத்திராமல் படிகளில் பாய்ந்தேறுகிறாள். அடுக்களையில் நுழைகிறாள். உண்கிறாள், பூனையை வெளியே விடுகிறாள், கதவிடுக்கை நாடா ஒட்டி அடைக்கிறாள். தண்ணீரைக் கொட்டித் தரையைத் துடைக்கிறாள்; துடைக்கத் துடைக்க அலங்கோலம்! காலணிக்கு மெருகிடும் தூரிகை காலணியோடு நிற்கவில்லை; காலிலும் ஏறுகிறது.

இவ்விடத்தில் சற்றே நிற்கவேண்டும். கூட்டுதல், துடைத்தல், துலக்குதல் ஆகியவை எழுதாச் சட்டம் பெண்ணுக்கென ஒதுக்கிய வேலைகள். அவற்றை அவள் மறுக்கவில்லை. வரம்பு மீறிச் செய்கிறாள். துலக்குபவள் யார், துலக்கப்படும் பொருள் யாது என்ற வேறுபாடே மறைகிறது. பெண்ணை வீட்டுத் தட்டுமுட்டுகளில் ஒன்றாக்கிய கொடுமையை விளக்க ஆயிரம் மேடைகள் வேண்டும் நமக்கு. அக்கர்மானுக்கு ஒரு தூரிகை போதுமாயிருந்தது!

உரையாடல் கிடையாது. காதில் விழுவது அவர் முணுமுணுக்கும் இராகம், விளையாடும் குழந்தையினதைப் போல. சுவருக்கு அப்பால் எத்தனையோ குடும்பங்கள். இப்பால் தனித்த ஓர் உயிர். நகரம் தந்த வாழ்வு இதுதானா? அழுதிருந்தால் இரங்கி மறந்திருப்போம். அவள் பாடுவதால்தான் நெஞ்சு நடுங்குகிறது.

இறுதியில் காகிதத்துக்குத் தீயிட்டு, எரிவாயுவைத் திறந்து, பூங்கொத்துடன் அடுப்பின்மேல் சாய்கிறாள். திரை இருள்கிறது, வெடியோசை. (அக்கர்மானின் தாயார் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டவர். அந்த எரிவாயுவில் அந்நினைவைக் காண்போரும் உண்டு.)

இங்கேதான் நமக்கு வழக்கு. ஊரைத் தகர் என்றது தலைப்பு, தகர்ந்தது யார்? ஊர் அப்படியே இருக்கிறது, அடுக்களையும் இருக்கிறது, அடுத்தவளும் அதே படியேறுவாள்! சினம் மெய்யானது, அது பாய்ந்த திசைதான் பிழை. நாடா ஒட்டி அடைத்த கதவு, உதவிக்கு வரக்கூடியவரையும் அல்லவா வெளியே நிறுத்திவிட்டது?

அக்கர்மானும் அடுக்களையை அத்துடன் விட்டுவிடவில்லை. 1975-இல் எடுத்த "ழான் தீல்மன்", மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் படம். 2022-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் ஏடு நடத்திய வாக்கெடுப்பில், திறனாய்வாளர்கள் முதலிடம் தந்த படமும் அதுவே. உருளைக்கிழங்கு உரித்து, மகனுக்குச் சமைத்து, வயிற்றுப்பாட்டுக்கு உடலை விற்கும் கைம்பெண்ணின் மூன்று நாள் வாழ்வு அது. முடிவில் அவள் கை கத்தரிக்கோலை எடுக்கிறது. பாய்வது அவள் நெஞ்சில் அன்று. விலை கொடுத்து வந்தவன்மீது.