ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரும், யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் காணக் கிடைக்கும் ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜும் உறவுக்காரர்கள். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின்தான் இந்த ஒஸ்டினிலும் இருக்கிறது. வார்ப்பு ஒன்று, தண்ணீர் ஓடும் பாதையும் ஒன்று. அந்தத் தண்ணீர் குறையத் தொடங்கும்போது மட்டும் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வேறுவேறு வைத்தியம் நடக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருவர் "வண்டி தண்ணி குடிக்குது" என்று பட்டறைக்குப் போனால், பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கேஸ்கெட் போயிருக்கும் சார், ஹெட்டை இறக்கிடலாம்" என்று பதில் வரும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அதே குறையோடு ஒரு டொயோட்டா டவுன்ஏஸ் வானைக் கொண்டுபோய் நிறுத்தினால், "ஹெட் வெடிச்சிட்டுது போல அண்ணை, பஞ்சிகாவத்தையில சொல்லி வேற ஒண்டு எடுப்பம்" என்பார்கள். அங்கே இறக்கிச் செப்பனிடுகிறார்கள்; இங்கே கழற்றி மாற்றுகிறார்கள். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் உறுதிசெய்யும் பழக்கம் இரு இடத்திலும் அரிது. இரு நாட்டுக் கைகளின் திறமையிலும் எனக்கு மரியாதை உண்டு. என் குறையெல்லாம் அந்தக் கைகள் வேலை தொடங்கும் இடத்தைப் பற்றியது.

இந்த வேறுபாட்டுக்குப் பொருட்கள் கிடைக்கும் விதமே காரணம். கோயம்புத்தூரைச் சுற்றி வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன. வளைந்த சிலிண்டர் ஹெட்டை ஃபேஸிங் செய்து சமன்படுத்தவும், விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்கவும், தேய்ந்த வால்வு சீட்டை மாற்றவும் தேர்ந்த ஆட்கள் உண்டு. எந்த ஊர் நெடுஞ்சாலை ஓரத்திலும் ஒரு ரேடியேட்டர் கடை இருக்கும். பித்தளை ரேடியேட்டரின் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து மூடித் தருவார்கள். பழைய பாகம் வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. புதுப் பாகமும் உள்நாட்டிலேயே தயாராகிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் சென்னை நிறுவனம்தான்.

இலங்கைக்கு வண்டியும் கடல் கடந்து வருகிறது, பாகமும் கடல் கடந்து வருகிறது. ஜப்பானில் ஓடி ஓய்ந்த வண்டிகளின் எஞ்சின்கள் கொள்கலன்களில் வந்து கொழும்புப் பஞ்சிகாவத்தையில் குவிந்தன. வெடித்த ஹெட்டை ஒட்டவைக்கும் கூலியைவிட, அப்படி வந்த ஒரு முழு ஹெட் மலிவாகவும் விரைவாகவும் கிடைத்த காலம் நீண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையே, 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. மாற்றிப் போடுவது மலிவு என்ற கணக்கு அத்தோடு உடைந்துபோனது. வண்டிகள் கிழடாகின, பாகங்கள் எட்டாத விலைக்குப் போயின. ஆகவே, பழுதை முன்கூட்டியே சரியாகக் கண்டறிய வேண்டிய தேவை இன்று இலங்கையில்தான் கூடுதல்.

இலங்கையின் வடபகுதிக்கு இதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1990க்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் உதிரிப்பாகமும் வராமல் போனபோது, சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை இந்த ஒஸ்டின்களும் மொறிஸ்களும்தான். மண்ணெண்ணெய் ஒழுங்காக ஆவியாக எஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கியதற்குக் காரணம், பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. கொதித்தாலும் மரநிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றினால் வீடு சேர்ந்துவிடும்.

இரும்பு எஞ்சினோடு பழகிய அந்த நம்பிக்கையை அலுமினிய ஹெட்டிடம் வைப்பதில்தான் இரு நாட்டிலும் எஞ்சின்கள் அழிகின்றன. மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1983 முதல் 2014 வரை தயாரான இந்தச் சிறிய கார் இலங்கையிலும் ஏராளமாக ஓடுகிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., அலுமினிய ஹெட். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட்டின் அடிமுகம் வளைந்துவிடும். அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர்தான். இலங்கைச் சாலைகளில் அதிகம் காணும் டொயோட்டா 2சி டீசல் எஞ்சின் இன்னும் மென்மையானது. டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களில் இருக்கைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் அதன் ஹெட், இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட இடத்தில் மயிரிழை விரிசல் விடுவதற்குப் பெயர்போனது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசலோடு வண்டி மாதக்கணக்கில் ஓடும். கீழே ஒரு சொட்டும் விழாது, தண்ணீர் மட்டும் குறையும்.

குறைகிற தண்ணீருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு: வெளியே ஒழுகலாம், சிலிண்டருக்குள் போய் எரியலாம், மூடி வழியே ஆவியாக வெளியேறலாம். இவற்றைப் பிரித்தறிய எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும் காலைநேரம் சிறந்தது. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 பார் மூடியின் கீழ் தண்ணீர் கொதிக்காமல் ஏறத்தாழ 118 டிகிரிவரை இருக்கும். திறந்த கணமே அது நீராவியாகி முகத்தில் அடிக்கும். இதனால் வெந்துபோன கைகள் இரு நாட்டிலும் உண்டு.

முதலில் மூடியைப் பாருங்கள். ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ தண்ணீர் உபரிக் குப்பிக்குப் போகும், திரும்பி வராது. குப்பி நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாக இருந்தால் சந்தேகம் மூடியின்மேல் விழ வேண்டும். எஞ்சின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தாலும் அப்படியே. மலிவான மூடி ஒன்றை மாற்றித் தீர்க்க வேண்டியதற்காக ஹெட்டை இறக்கிய வேலைகள் எத்தனையோ.

அடுத்தது அழுத்தச் சோதனை. மூடி இருந்த வாயில் பொருத்தி அடிக்கும், மீட்டர் வைத்த சிறிய கைப்பம்பு போதும். மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார், அழுத்தம் ஏற்றிவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் அசையாவிட்டால் பொதுவாகப் பெரிய ஒழுக்கு இல்லை. இறங்கினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேட வேண்டும்: ஹோஸ் கிளாம்புகள், வாட்டர் பம்பின் அடியில் உள்ள கசிவுத் துளை, பிளாக்கின் பக்கத்தில் அடித்திருக்கும் வட்டத் தகடுகள், ரேடியேட்டரின் மூலைகள். காய்ந்த ஒழுக்கு வெள்ளையாகவோ துருநிறமாகவோ ஒரு கோடு விட்டிருக்கும். ஜப்பான் வண்டியென்றால் இன்னொரு இடமும் உண்டு. அவற்றில் குளிர்காலத்துக்கான ஹீட்டர் இருக்கும். அதன் உள்ரேடியேட்டர் ஒழுகினால் இருக்கைக் கம்பளத்தின் அடியில் ஈரம் தேங்கும், கண்ணாடியில் இனிப்பு வாசனையோடு புகைமூட்டம் படியும். வெப்ப நாட்டில் ஹீட்டர் எதற்கு என்று இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து விடுவது இலங்கைக் கராஜ்களின் வழக்கம். நுவரெலியாவில் வாழ்பவர் தவிர மற்றவர்களுக்கு அது நியாயமான வேலைதான்.

வெளியே எங்கும் ஈரமில்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால்தான் ஹெட்டின்மீது கண் போக வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் பிளக்குகளைக் கழற்றிச் செல்ஃப் அடித்தால், ஒழுகும் சிலிண்டரிலிருந்து தண்ணீர்த் தூவல் வரும். பம்பு ஃபேன் பெல்ட்டில் ஓடும் பழைய எஞ்சின்களில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, ஒரு நிமிடம் மட்டும் கிளப்பலாம். தண்ணீர் சுற்றாத அந்த ஒரு நிமிடத்தில் குமிழி விடாமல் வந்தால் அது எரிந்த வாயு. அதையே நீலத் திரவம் கொண்டு சோதிக்கும் குழாயும் கடையில் உண்டு. கரியமில வாயு பட்டால் நீலம் மஞ்சளாகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஹெட்டை இறக்கினால், வளைவை அளந்து செப்பனிடுவதில் தமிழ்நாட்டுப் பட்டறை தெளிவாகவே மேல். அளவு பார்க்காமல் அதிகமாகச் சீவிவிடுவது மட்டும் அங்குள்ள அபாயம். எங்கோ ஜப்பானில் எப்படி ஓடியதென்றே தெரியாத ஹெட்டைச் சோதிக்காமல் பூட்டுவது இலங்கைக் கராஜின் அபாயம். அதிலும் அதே மயிரிழை விரிசல் இருக்கலாம். வாங்கும் ஹெட்டைப் பூட்டுமுன் அழுத்தம் ஏற்றித் தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்வதில் வெட்கமில்லை.

பழுதுக்குப் பிறகு ஊற்றுவது என்ன என்பதில் இரு நாடும் ஒரே தவறைச் செய்கின்றன. யாழ்ப்பாணக் கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது. கொங்கு நாட்டு போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பும் கடினமும். சூடேறும்போது அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு மிகச் சூடான சுவர்களில்தான் முதலில் படியும், அதாவது வெளியேற்று வால்வைச் சுற்றி. அதன் பிறகு ரேடியேட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த இடம் குளிராது. படிவைக் கரைக்கவென்று காஸ்டிக் சோடா போடும் பழக்கத்தைப் பித்தளை ரேடியேட்டர் தாங்கும். அலுமினியத்தை அது தின்றுவிடும். லொறி ஓட்டுநர்கள் வழியில் மஞ்சள்தூள் போட்டு ஓட்டையை அடைப்பது இந்தியாவில் பழைய உபாயம். அடுத்த ஊர் சேர அது உதவும், ஆனால் ஊர் சேர்ந்ததும் முழுதும் கழுவாவிட்டால் அந்தத் தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் கலந்து ஊற்றுவதே சரி. உறைபனி இல்லாத நம் ஊர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் துருவைத் தடுக்கப் போதும். வடித்த பழைய கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள். அது இனிக்கும் விஷம். நாயும் பூனையும் குடித்தால் சாகும்.

எஞ்சின் சூடேறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இரு கரைக்கும் பொது. அதனால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் எண்ணெயும் எரிபொருளும் வீணாகும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி இன்னும் சூடேறும்.

ஆகவே உங்கள் பழைய வண்டி தண்ணீர் குடித்தால், ஹெட் போல்ட்டில் சாவி விழுமுன் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் முள் இறங்குவதையோ நிற்பதையோ உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அந்தக் கால்மணி நேரத்தைத் தர மறுக்கும் பட்டறையிலிருந்து, அது கோவையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும், வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.