கதவும் கையொப்பமும்: ஒரு பழைய ஒப்படையின் மறுவாசிப்பு

ஹென்றிக் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைப் பற்றி எழுதுபவர்களில் அநேகர், கடைசிக் காட்சியில் சாத்தப்படும் கதவைப் பற்றியே எழுதுகிறார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். 2003ஆம் ஆண்டு கல்வியியற் கல்லூரியில் ஆசிரிய மாணவனாக இருந்தபோது எங்களுக்கு ஓர் ஒப்படை தரப்பட்டது. பயின்ற நாடகங்களுள் ஒன்றைச் சொந்த வாழ்வனுபவத்தோடு தொடர்புபடுத்தி நோக்க வேண்டும். 'அன்ரிகனி', சரச்சந்திரவின் 'சிங்கபாகு', குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' எல்லாம் பாடத்தில் இருந்தன. நான் 'பொம்மை வீட்'டைத் தெரிவு செய்தேன். காரணம் இலக்கியமல்ல. அந்த நாட்களில் 'வீடு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்த ஒப்படை இப்போது என் முன்னால் இருக்கிறது. பதினொரு பக்கங்கள். கடைசியில் விரிவுரையாளர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'நன்று. ஆயினும் பிரதியை மீண்டும் வாசிக்கவும்.' புள்ளி கிடைத்த மகிழ்ச்சியில் இரண்டாவது வசனத்தை நான் பொருட்படுத்தவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கட்டளையை நிறைவேற்றும் முயற்சியே இக்கட்டுரை.

நாடகத்தின் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. 1879 டிசம்பரில் நூலாக வெளிவந்து, அதே மாதம் கொப்பன்ஹேகனில் மேடையேறிய நாடகம் இது. நோரா திருமணமாகி எட்டு ஆண்டுகளான, மூன்று பிள்ளைகளின் தாய். கணவன் ஹெல்மர் வங்கி முகாமையாளர் பதவியை ஏற்கவிருக்கிறான். முன்னொரு காலம் அவன் கடும் நோயுற்றபோது, அவனுக்குத் தெரியாமல் குரொக்ஸ்டாட் என்பவனிடம் கடன் வாங்கி, அவனை இத்தாலிக்குக் கூட்டிச் சென்று உயிர் பிழைக்க வைத்தவள் நோரா. அந்தக் கடனுக்குப் பிணையாகத் தன் தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டிருந்தாள். அது வெளிவந்ததும் ஹெல்மர் அவளைக் குற்றவாளியாக்கித் தூற்றுகிறான். பத்திரம் திரும்பி வந்து தன் மானம் தப்பியதும் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான். நோரா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறாள்.

இதைப் பற்றி இருபத்திரண்டு வயதில் நான் மூன்று விடயங்களை எழுதியிருக்கிறேன்.

ஒன்று: இது எங்கள் ஊரில் நடக்க முடியாத நாடகம். கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். சண்டை வந்தால் சாரனையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குத் திரும்புபவரும் அவரே. 'இந்நாடகம் எமதூரில் நிகழ்ந்திருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறியிருப்பவர் ஹெல்மர்தான்' என்று எழுதி, அதன் கீழ் நானே கோடும் கீறியிருக்கிறேன்.

இரண்டு: நோர்வேயில் மணமான பெண்ணுக்குச் சொத்தில் சட்டத் தகுதி கிடைத்தது 1888இல். இஸ்லாம் அதை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டது. ஆகவே நோராவின் பிரச்சினை எங்கள் பிரச்சினை அல்ல.

மூன்று: எங்கள் ஊரின் உண்மையான பொம்மை பெண் அல்ல, அவளுடைய சகோதரன். ராத்தாவுக்கு வீடு கட்டிக் கொடுக்கும்வரை அவன் தன் வாழ்வைப் பற்றி நினைக்க முடியாது. வாப்பா கரைவலைத் தொழிலாளி. ராத்தாவின் வீடு 1998இல் எழும்பியது. நான் உயர்தரம் படித்துக்கொண்டே அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போய், பின்னேரம் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுத்து, சீமெந்துக்குக் காசு சேர்த்தேன். அடுத்தவள் தங்கச்சி. அவளுக்கும் ஒரு வீடு. இந்த மனக்கசப்புக்கு மட்டும் இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன்.

இன்று வாசிக்கையில், மூன்றும் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயும் இப்பகுதித் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் உள்ள தாய்வழிக் குடி முறையையும் சீதன வீட்டையும் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் என் ஒப்படையில் ஒரு பெரிய குறை உண்டு. அதில் நோரா இல்லை. என் ராத்தாவும் இல்லை. வீட்டைக் கட்டியவனின் பெருமூச்சு மட்டுமே இருக்கிறது. நாடகத்தை வாழ்வோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் பெரும்பாலும் செய்வது இதுதான்: மேடையில் நமக்கு வசதியான ஓர் ஆசனத்தைத் தேடிப் பிடித்து அமர்ந்துகொள்கிறோம்.

பிரதியை மீண்டும் வாசித்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது கதவல்ல, கையொப்பம். நோராவின் தந்தை இறந்தது செப்டெம்பர் 29. பத்திரத்தில் அவரது கையொப்பத்துக்குக் கீழே உள்ள திகதி ஒக்டோபர் 2. இறந்தவர் மூன்று நாட்களின் பின் ஒப்பமிட்டிருக்கிறார். குரொக்ஸ்டாட் இதைப் பிடித்துக்கொள்கிறான். நோராவுக்கோ இதில் குற்றம் எங்கே என்று விளங்கவில்லை. நோயாளித் தந்தையைக் கவலைப்படுத்தக் கூடாது, கணவனின் உயிரைக் காப்பாற்ற வேண்டும். இவை இரண்டும் குற்றமென்றால் அந்தச் சட்டம் கெட்ட சட்டம் என்பது அவள் நியாயம்.

இப்சன் இதை எவ்வளவு நுட்பமாக அமைத்திருக்கிறார் என்பது அன்று எனக்குப் புலப்படவில்லை. கணவனின் சம்மதமின்றி மனைவி கடன்பட முடியாது என்பதை முதல் அங்கத்திலேயே லிண்டே அம்மையாரின் வாயால் சொல்லிவிடுகிறார். அதாவது, நோராவின் சொந்தக் கையொப்பத்துக்குப் பெறுமதி இல்லாத நாட்டில், அவள் ஓர் ஆணின் கையொப்பத்தைக் களவெடுக்க நேர்கிறது. இது வெறும் கற்பனையுமல்ல. இப்சனுக்குத் தெரிந்த லோறா கீலர் என்ற பெண் எழுத்தாளர், கணவனின் நோய்க்காக இரகசியமாகக் கடன்பட்டு, பின்னர் மனநல விடுதிக்கு அனுப்பப்பட்ட சம்பவம் இதன் பின்னணியில் உண்டு. 1880இல் ஜேர்மன் மேடைக்காக, பிள்ளைகளைப் பார்த்து நோரா போகாமல் நின்றுவிடுவதாக முடிவை இப்சனே மாற்றி எழுதிக் கொடுக்கவும் நேர்ந்தது. நோராவாக நடிக்கவிருந்த நடிகை பழைய முடிவில் நடிக்க மறுத்துவிட்டார். இப்சன் அந்த மாற்றத்தை வெறுத்தார். முடிவைத்தான் மாற்றினார்கள், கையொப்பத்தை ஒருவரும் மாற்றக் கேட்கவில்லை.

கையொப்பம் என்று வந்ததும் என் நினைவு ராத்தாவின் கலியாணத்துக்குப் போயிற்று. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நடந்த பதிவு அது. மாப்பிள்ளை ஒப்பமிட்டார். வலியாக வாப்பா ஒப்பமிட்டார். ராத்தா அறைக்குள் இருந்தாள். அவள் ஒப்பமிட அங்கு இடம் இருக்கவில்லை. நானோ பந்தலில் மச்சானின் பக்கத்தில் நின்று, பதிவுப் புத்தகத்தில் எழுத்துக்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது இயல்பாகவே தோன்றியது. ஆனால் வீட்டுக் காணி உறுதியில் அவளுடைய பெயர் இருந்தது. கைநாட்டல்ல, அழகான கையெழுத்தில் ஒப்பம். இதை வைத்துத்தான் 'எங்கள் ஊரில் நோரா வெளியேறமாட்டாள்' என்று எழுதினேன். ஒரு தாளில் அவள் பெயர் இருந்ததைக் கண்டேன். மற்றத் தாளில் இல்லாததைக் காணவில்லை.

2004 டிசம்பர் 26 என் வாதத்தின் மிகுதியையும் கொண்டுபோயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் அன்று மௌத்தானார்கள். எங்கள் குடும்பத்தில் உயிர்கள் தப்பின. வீடு தப்பவில்லை. உறுதியும் கடலோடு போனது. கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஊரின் மேற்குப் பக்கம், வயலை நிரவி வீட்டுத் திட்டம் வந்தது. பட்டியல் தயாரித்தார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கூடு. அதில் மச்சானின் பெயரை எழுதினார்கள். 2007இல் திறப்பும் அனுமதிப்பத்திரமும் அவர் பெயரிலேயே கையளிக்கப்பட்டன. இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமல்ல. பெண்களின் பெயரில் இருந்த எத்தனையோ வீடுகள், சுனாமிக்குப் பின் ஆண்களின் பெயரில் திரும்பி வந்தன. ஒருவரும் எதையும் களவெடுக்கவில்லை. ஒரு கூட்டில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

பத்திரத்தை வாசித்துக் காட்டச் சொன்னார் உம்மா. வாசித்தேன். 

"அப்ப இது ஆர்ர ஊடு மகன்?" என்றார். 

நான் பதில் சொல்ல முன்பு ராத்தாவே சொன்னாள்: "ஆர்ர பேர்ல இருந்தாலும் இருக்கப்போறது நாங்கதானே உம்மா."

சில வருடங்கள் அது உண்மையாகவே இருந்தது. மச்சான் நல்ல மனிதர். ஹெல்மரும் கெட்டவனல்லன் என்பதை மறந்துவிடுகிறோம். அவன் உழைப்பாளி, கடன்படாதவன், மனைவியைச் செல்லப் பெயர்களால் அழைப்பவன். ஓர் இரவு அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். வழக்கப்படி மச்சான் அல்லவா கிளம்பியிருக்க வேண்டும்? அன்று ராத்தாதான் கிளம்பினாள். வாப்பா அப்போது மௌத்தாகியிருந்தார். உம்மாவோ, எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலரைப் போல, மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அவளோடு ஒட்டி வாழ்ந்தவர். அவருக்கென்று ஒரு கூரை இல்லை. ராத்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் வீடு என்றேன். அது என் மனைவியின் சீதன வீடு. மனைவி மறுவார்த்தை பேசாமல் பாய் விரித்துக் கொடுத்தாள். ஆனால் இன்னொரு பெண்ணின் வீட்டில் எத்தனை நாள்? மூன்றாம் நாள் ராத்தா தானாகவே திரும்பிப் போனாள். அவள் போகும்போது கதவுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

என் இரண்டாவது வாதத்துக்கும் மறுப்பு இந்த மூன்று நாட்களுக்குள்ளேயே இருக்கிறது. இஸ்லாம் பெண்ணுக்குச் சொத்துரிமை கொடுத்தது உண்மை. மஹர் அவளுடையது. கைக்கூலியைத் திருப்பிக் கேட்கும் உரிமையை 1951ஆம் ஆண்டுச் சட்டமும் மனைவிக்குத் தந்தது. நம் விமர்சகர்கள் மேனாட்டுப் பிரதிகளைச் சந்திக்கும்போது இந்தப் பெருமையை முன்வைத்து வாசிப்பை முடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் உரிமை கொடுக்கப்பட்டதா என்று நாடகம் கேட்கவில்லை. இந்த வீட்டில், இந்தத் தாளில், எவருடைய கை எழுதியது என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு வேதத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிட முடியாது. பத்திரத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

சீன எழுத்தாளர் லூ சுன் 1923 டிசம்பரில் பீக்கிங்கில் பெண் ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரியொன்றில், வீட்டை விட்டுப் போன நோராவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஓர் உரை நிகழ்த்தினார். கையில் பணமில்லாத நோரா ஒன்றில் சீரழிவாள், அல்லது திரும்பி வருவாள் என்பது அவர் கருத்து. எங்கள் கல்லூரியில் இந்த உரையை யாராவது வாசிக்கத் தந்திருந்தால், நான் கோடு கீறிய அந்த வசனத்தை எழுதத் தயங்கியிருப்பேன்.

இன்று முஸ்லிம் பெண்கள் கவிதையிலும் புனைகதையிலும் வீட்டுக்குள்ளிருக்கும் இந்த மௌனங்களை எழுதிவிட்டார்கள். நாடகம்தான் பின்தங்கி நிற்கிறது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை நாடகங்களில் கேட்ட வீடுகளில் மாமியும் மருமகளும் சண்டை பிடித்தார்கள், சீதனக் கொடுமை பேசப்பட்டது, இறுதியில் ஒரு ஹாஜியார் வந்து தீர்த்து வைத்தார். அந்த வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருந்தது என்று ஒரு பாத்திரமும் கேட்டதில்லை. பாடசாலை மேடைக்கு எழுதித் தரும்படி கேட்டு வரும் மாணவர்களுக்கு இப்போது நான் சொல்வது ஒன்றே: முதலில் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் தாள்களை வாசித்துவிட்டு வாருங்கள்.

ராத்தாவின் மகள் இவ்வருடம் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள். என் பழைய ஒப்படையை அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "மாமா, நீங்க ஒன்ட உட்டுட்டீங்க" என்றாள். 

நோரா எங்கே போனாள் என்று உலகமெல்லாம் விவாதிக்கிறது. ஆனால் அன்றிரவு எங்கே படுத்தாள் என்பது பிரதியிலேயே இருக்கிறது. லிண்டே அம்மையாரிடம் போவதாகத்தான் அவள் சொல்லிவிட்டுப் போகிறாள். சொந்தக் கையால் உழைத்துச் சீவிக்கும் ஒரு விதவையிடம்.

மருமகள் சொன்னதற்குப் பிறகு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எத்தனையோ தடவை வாசித்தும் அந்த வரி என் கண்ணில் படவில்லை. கதவுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ராத்தா வந்து நின்ற அந்த இரவில் பாய் விரித்துக் கொடுத்தவள் என் மனைவி. அவளுடைய வீட்டு உறுதியில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது.