கணினியின் உழிஞைத் திறன்

எயில் வளைத்தலை உழிஞை என்றும் எயில் காத்தலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வெவ்வேறு திணைகளாக வகுத்துள்ளது. இரண்டும் ஒரே போரின் இரு பக்கங்களாயினும் அவற்றிற்கு வேண்டும் அறிவு ஒருதன்மைத்தன்று. காப்போன் தான் நிற்கும் இடத்தை நன்கறிந்தாற் பெரும்பாலும் அமையும். தாக்குவோனோ செல்லும் வழி, சேரும் நேரம், உணவு, மீளும் வழி ஆகிய யாவற்றையும் முன்னரே எண்ணுதல் வேண்டும். பண்டைப் போர்களைப் பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டுகள் இன்று மாணவர் பலருக்குப் பொழுதுபோக்காக மட்டுமன்றி, ஓரளவிற்கு வரலாற்றாசிரியராகவும் விளங்குகின்றன. ஆதலின், அவற்றில் மனிதனுக்கு எதிராய் ஆடும் கணினி தாக்குதலை எத்துணைச் செம்மையாக நடத்துகின்றது என்பது ஆராயத்தக்கதாகும்.

இவ்வினாவிற்குரிய விடையின் குறிப்பு அவ்விளையாட்டுகளின் தொடக்ககாலத்திலேயே உண்டு. கிறிஸ் குரோபர்ட் 1981ஆம் ஆண்டில் ஆக்கிய 'ஈஸ்டேர்ண் புரொண்ட் 1941' என்னும் விளையாட்டில், படையெடுத்துவரும் ஜெர்மானியரை மனிதன் நடத்துவான். நாடு காக்கும் உருசியரைக் கணினி நடத்தும். 1994இல் வெளிவந்த 'பன்சர் ஜெனரல்' விளையாட்டும் மனிதனை ஜெர்மானியத் தளபதியாக்கி, பெரும்பாலான களங்களிற் காவற்பணியையே கணினிக்கு ஒப்புவித்தது. இவ்வமைப்பு வரலாற்றிற்கு ஒத்ததே. எனினும் பொறியின் குறையை மறைக்கவும் அது துணைசெய்தது. காவற்படைகளைக் குன்றிலும் பாலத்திலும் விளையாட்டை ஆக்கியோனே முன்கூட்டி நிறுத்திவிடலாம். அதன்பின் கணினி அசையாதிருப்பினும் அறிவுடையது போலவே தோன்றும். தாக்குதலில் அத்தகைய இரவலறிவு உதவாது.

சதுரங்கத்தில் 1997ஆம் ஆண்டிலேயே உலக வீரர் கஸ்பரோவை 'டீப் புளூ' என்னும் கணினி வென்றிருக்க, போர் விளையாட்டில் மட்டும் இத்தடுமாற்றம் ஏன் என வினவலாம். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காய் நகரும்; இருவர் காய்களும் வெளிப்படையாய் நிற்கும். போர் விளையாட்டிலோ ஒரு முறையிற் பல பத்துப் படைகள் நகரலாம். பகைவன் படை பெரும்பாலும் மறைந்திருக்கும். எல்லா வழிகளையும் முற்ற ஆராய்தல் இயலாமையின், கணினி ஒவ்வொரு படைக்கும் அருகிலுள்ள பகையின் வலியை மட்டும் ஒப்பிட்டு முடிவுசெய்கின்றது. இதனால் ஒருங்கே பாயவேண்டிய படைகள் ஒவ்வொன்றாய் வந்து மடிகின்றன.

'சிவிலைசேஷன்' வரிசை இதற்கு நல்ல சான்று. 2005இல் வந்த நான்காம் விளையாட்டிற் பல படைகள் ஒரே கட்டத்திற் திரண்டு செல்லலாம். ஆதலின் கணினியின் படையெடுப்பு அஞ்சத்தக்கதாயிருந்தது. 2010இல் வந்த ஐந்தாம் விளையாட்டு, ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படையே நிற்கலாம் என விதித்தது. விதி சிறந்ததே, ஆயினும் வில்லாளர் முன்னும் வாளேந்தியோர் பின்னுமாய் நகரை நோக்கித் தடுமாறிவரும் கணினிப்படை நகைப்பிற்கிடமாயிற்று. இக்குறையை ஈடுசெய்யக் கடினமான நிலைகளிற் கணினிக்குப் பொருளும் படையும் மிகுதியாய் வழங்கப்படுகின்றன. இதனாற் கணினியின் கைப்பொருள் பெருகுகின்றதேயன்றி, அதன் அறிவு பெருகுவதில்லை.

திருக்குறள் தெரிந்துசெயல்வகையை முன்வைத்து, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்திருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. கணினி வலியை நன்கறியும். எண்ணுதலே அதன் தொழில். மலைக்கும் ஆற்றுக்கும் மதிப்பெண் கற்பிக்கப்பட்டிருத்தலின் இடத்தையும் ஓரளவு அறியும். காலத்தை அரிதாகவே அறியும். தன் செயலின் முடிவு யாது என்பதையோ அது எண்ணுவதேயில்லை. இக்குறை எத்துணைப் பெரிது என்பதை மலைநாட்டுப் போர்களை உரைகல்லாகக் கொண்டு காணலாம்.

1803 பெப்ரவரியில் ஆங்கிலப் படைகள் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டுக் கண்டியை அடைந்தன. நகர் வெறுமையாய்க் கிடந்தது. முத்துசாமியை அரியணையேற்றிய ஆங்கிலேயர், ஸ்ரீ விக்கிரமராசசிங்கனைப் பிடிக்கும் நோக்குடன் மார்ச் மாதத்தில் வலப்பனைக்கு அயலிலுள்ள ஹங்குராங்கெத்தைக்கு இரு படைகளை அனுப்பினர். அங்கும் மன்னன் இல்லை. படைகள் வெறுங்கையுடன் மீண்டன. பின்னர்க் காய்ச்சல் படையினரை வாட்டியது. யூன் மாதத்தில் மேஜர் டேவியின் காவற்படை சரணடைந்து அழிந்தது. மறு ஆண்டிற் கப்டன் யோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து கண்டியை அடைந்தபோது, அங்கு வந்து சேரவேண்டிய ஏனைப் படைகள் வரவில்லை. அவர் பொருதுகொண்டே திருகோணமலைக்கு மீண்டார்.

இக்காலப் போர் விளையாட்டொன்று 1803 பெப்ரவரியில் மதிப்பெண் இட்டிருப்பின், தலைநகரைக் கைப்பற்றியோர்க்கு முழுவெற்றி வழங்கியிருக்கும். உண்மையில் அவ்வெற்றியே கண்ணியாயிற்று. கண்டியர் நொச்சி மதிலைக் காத்தலில் இல்லை. மதிலை விட்டகன்று, பகைவனை மலையிலும் மழையிலும் சிக்கவைத்தலில் இருந்தது. 1815இல் அரசு வீழ்ந்ததும் படைவலி ஒன்றாலன்று. எகலப்பொலை முதலிய பிரதானிகள் மன்னனைக் கைவிட்டமையே அதன் தலையாய காரணம். தளபதிகளே தவறியவிடத்துப் பொறியை இகழ்தல் முறையன்று எனலாம். அது மெய்யே; ஆயினும் மனிதர் 1803இன் தோல்வியிலிருந்து 1815இன் வழியைக் கற்றனர். விளையாட்டுக் கணினியோ பத்தாம் முறையும் முதன்முறை போலவே வந்து மோதுகின்றது.

2009இல் வெளிவந்த 'எம்பயர்: டோட்டல் வார்' இக்குறையை வேறொரு வகையிற் காட்டுகின்றது. 1700ஆம் ஆண்டிற் தொடங்கும் அவ்விளையாட்டு இலங்கை முழுவதையும் ஒல்லாந்தரின் ஒரே நிலப்பகுதியாக வரைந்துள்ளது. அவ்வாண்டில் இரண்டாம் விமலதர்மசூரியன் ஆண்ட கண்டியரசுக்கு அதில் இடமில்லை. வெளியான காலத்திற் கணினிப் பகைவர் கடல்கடந்து படையிறக்கவும் அறியாதிருந்தனர். பின்வந்த திருத்தமே அதனை ஈந்தது. ஆகவே உண்மையிற் பன்முறை தாக்கப்பட்ட இத்தீவு, அவ்விளையாட்டிற் தொடக்கத்தில் அமைதித்தீவாய்க் கிடந்தது.

இவற்றாற் கேடு யாதென்னின், பொய்யான பகைவனை வென்ற மாணவன் பொய்யான வரலாற்றைக் கற்கின்றான் என்பதே. எதிரி அறிவின்றி மோதுவானாயிற் காத்தோரின் ஆற்றல் புலப்படாது. ஊர்களைப் பிடித்தலே வெற்றியாயின் அவ்வெற்றிக்கு ஊரார் கொடுத்த விலையும் புலப்படாது. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சி வலப்பனைக்கும் பரவியது. பற்றுதற்கு ஒரு கோட்டையும் இல்லாத அப்போரில், ஊர்களை எரித்தும் விளைபயிரை அழித்துமே ஆங்கிலேயர் வென்றனர். அத்தாக்குதலுக்கு எந்த விளையாட்டின் மதிப்பெண் முறையிலும் தக்க இடமில்லை.

பொறிக்குத் தாக்குதல் ஒருபோதும் கைவாராது எனத் துணிதலும் பிழையாகும். 2019இல் 'அல்பாஸ்டார்' என்னும் கணினி, தன்னோடு தானே எண்ணிறந்த முறை ஆடிப் பயின்று, 'ஸ்டார்கிராப்ட்' என்னும் போர் விளையாட்டில் தலைசிறந்த ஆட்டக்காரர் வரிசையை எட்டியது. எனவே குறை பொறியின் இயல்பில் இல்லை. வெற்றி யாது என அதற்குக் கற்பிப்போரிடத்தே உள்ளது. வெறும் நகரைப் பிடித்தலை ஆதாயமாகவும் காலமறிந்து பின்வாங்கலை இழப்பாகவும் எண்ணக் கற்பிக்குமளவும், கணினி கண்டியின் வாயிலில் 1803இன் தளபதியாகவே நிற்கும். மீளும் வழியையும் எண்ணக் கற்ற கணினியை எதிர்த்து ஆடும் நாளிலேயே, இம்மலைகளைக் காத்தோரின் அறிவு எத்தகையது என்பதை மாணவன் உணர்வான்.