மன்னிப்பா, மறைப்பா?

குண்டு வெடிக்கவில்லை. 1959 செப்டம்பரில், அல்ஜீர்ஸ் நகரத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் வைக்கப்பட்ட அக்குண்டு, வெடிக்குமுன்பே செயலிழக்கச் செய்யப்பட்டது. ஓர் உயிரும் போகவில்லை. ஆயினும் அதனை வைத்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட நங்கையின் தலைக்கு மேலே மரணதண்டனை தொங்கிற்று. அவர் பெயர் ஜமீலா பூபாஷா. அகவை 22. 1830 முதல் பிரான்சின் பிடியில் கிடந்த அல்ஜீரியாவை மீட்க, 1954-ல் கிளர்ந்தெழுந்த தேசிய விடுதலை முன்னணியின் ஊழியர்.

அவருடைய வழக்கின் வரலாறுதான், 1962-ல் பாரிசில் வெளிவந்த ‘ஜமீலா பூபாஷா’ எனும் ஏடு. எழுதியவர், ஜமீலாவுக்காக வாதாடிய வழக்கறிஞர் ழிசேல் அலிமி. முன்னுரை தந்த சிமோன் தெ பொவ்வார், வரக்கூடிய இன்னலில் தமக்கும் பங்கு இருக்கட்டும் என்று தம் பெயரையும் ஆசிரியராக இணைத்துக்கொண்டார். ஏட்டை அழகு செய்வது ஓவியர் பிக்காசோ தீட்டிய ஜமீலாவின் முகம்.

ஏடு கூறுவது என்ன? 1960 பிப்ரவரி 10 இரவு, படையினர் வீடு புகுந்தனர். ஜமீலாவையும், முதிய தந்தையையும், உடன்பிறந்தாளின் கணவரையும் இழுத்துச் சென்றனர். ஒரு திங்களுக்கும் மேலாக அவர் எந்த நீதிபதியின் முன்னும் நிறுத்தப்படவில்லை. மின்சாரம் பாய்ச்சினர், சிகரெட்டால் சுட்டனர், நீரில் அமிழ்த்தினர், பாலியல் வன்கொடுமையும் இழைத்தனர். அதன் பிறகு கிடைத்தது ‘ஒப்புதல் வாக்குமூலம்’!

சிற்றுண்டிச்சாலையிலே குண்டு வைப்பது முறையா என்று கேட்போர் உளர். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காணத்தானே நீதிமன்றம்! வதைத்துப் பெற்ற வாக்குமூலம் உண்மைக்குச் சான்றாகுமா? வலி தாளாதவர் எதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்? குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்துவது அரசு. சட்டத்தையே குழியில் தள்ளிவிட்டுக் குற்றவாளியைத் தேடுவது அரசாகாது. இந்த வேறுபாட்டை ஐயமறக் காட்டுவதே இந்த ஏட்டின் பெருமை. இரக்கங்காட்டுங்கள் என்று அலிமி இறைஞ்சவில்லை. வதைத்தவர்களைக் கூண்டிலே ஏற்றுங்கள் என்று முழங்கினார்.

குறையும் உண்டு, கூறாமல் விடுவதற்கில்லை. ஜமீலாவின் கன்னிமையும் மார்க்கப்பற்றும் அழுத்தமாகப் பேசப்படுகின்றன. கன்னியல்லாத பெண்ணை வதைத்திருந்தால் கொடுமை குறைந்துவிடுமா? 1960 ஜூன் 2 அன்று பொவ்வாரின் கட்டுரையை வெளியிட்ட ‘லெ மோந்த்’ நாளேடு, உடலுறுப்பின் பெயரை அச்சிடக் கூசி, ‘வயிறு’ என்று மாற்றிற்று. கொடுமைக்குக் கூசாத நாட்டிலே சொல்லுக்குக் கூச்சம்! மருந்து சேர்த்தும், போராளிகளுக்குப் புகலிடம் தந்தும், துணிந்து களத்தில் நின்ற ஊழியர் பின்னே மறைகிறார்; கற்பிழந்த நங்கை முன்னே நிற்கிறார். பரிவு தேடும் வழக்கறிஞருக்கு அது பயன்பட்டிருக்கலாம்; நமக்கு அது போதாது. மானம் பறிபோனது அவரிடமிருந்து அல்ல, வதைத்தவரிடமிருந்து.

முடிவு என்ன? வழக்கு, பிரான்சிலுள்ள கான் நகருக்கு மாற்றப்பட்டது. வதைத்தவர்களை அடையாளங்காட்டப் படையினரின் நிழற்படங்கள் கேட்கப்பட்டன. படைத்தலைமையும் அமைச்சரும் தர மறுத்தனர். 1962 மார்ச்சில் எவியானில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. மார்ச் 22-ல் பொதுமன்னிப்பு ஆணைகள் பிறந்தன. ஒன்று, கிளர்ச்சியாளருக்கு, மற்றொன்று, ‘ஒழுங்கு காக்கும்’ பணியில் ஈடுபட்ட படையினருக்கு! ஏப்ரல் 21-ல் ஜமீலா சிறையிலிருந்து வெளிவந்தார். அவரைத் துன்புறுத்தியவர்கள் சிறைக்குள் செல்லவே இல்லை.

இரண்டும் ஒரே மன்னிப்பா? சிறையில் வாடி, உயிரைப் பணயம் வைத்தவருக்கும் மன்னிப்பு. பெயர்கூட வெளிவராதவருக்கும் மன்னிப்பு! குற்றம் இன்னதென்று ஆய்ந்து, செய்தவர் இன்னாரென்று அறிந்து, அதன்பின் பொறுத்தருளினால் அது மன்னிப்பு. ஆய்வுக்கே இடமின்றி ஏட்டை மூடினால் அது மறைப்பு. 1957-ல் படையினர் பிடித்துச் சென்ற கணிதவியலாளர் மோரிஸ் ஓதேன் வதைக்கப்பட்டதற்கும் மாண்டதற்கும் அரசே பொறுப்பு என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டது 2018-ல். உண்மை வெளிவர 61 ஆண்டுகள். தண்டனையோ எவருக்கும் இல்லை.

2022-ல் அல்ஜீரிய மேலவையிலே இருக்கை தேடிவந்தது. ஜமீலா வேண்டாமென்று மறுத்துவிட்டார். பதவி அவர் கேட்டதன்று. 1960-ல் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நீதி. அது இன்னும் வழங்கப்படவில்லை.

தோழர்களே! இந்த ஏட்டைப் படியுங்கள்; கண்ணீர் வடிப்பதற்காக அன்று. எந்த நாட்டில், எந்தக் கொடியின் கீழ், ‘ஒழுங்கு’ எனும் பெயரால் வதை நடந்தாலும், யார் செய்தது என்று கேட்கும் துணிவு பெறுவதற்காக!