கைசர்ஷ்னிட்: ஒரு தொகைச்சொல் சுமக்கும் பிழை

கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுரைகளில் ஜெர்மன் மொழி முன்மாதிரியாக அடிக்கடி சுட்டப்படுகிறது. அம்மொழி தன் சொற்களையே கூட்டிச் சொல் படைக்கிறது; அச்சொற்கள் கேட்டவுடன் பொருள் தருகின்றன. இவ்விரண்டும் அதற்குக் கூறப்படும் காரணங்கள். இவை ஓரளவே உண்மை.

முதற்காரணத்திற்கு நீரிழிவைக் குறிக்கும் ‘சுக்கர்கிராங்க்ஹைட்’ என்னும் சொல்லை நோக்கலாம். சர்க்கரை நோய் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால், ‘சுக்கர்’ ஜெர்மானிய வேர் அன்று. இத்தாலியம், அரபு, பாரசீகம் ஆகியவற்றின் வழியே அது வடமொழிச் ‘சர்க்கரா’வைச் சென்று சேர்கிறது. நம் ‘சர்க்கரை’க்கும் மூலம் அதுவே.

இரண்டாம் காரணத்தை மறுப்பது ‘கைசர்ஷ்னிட்’. வயிற்றையும் கருப்பையையும் அறுத்துக் குழந்தையை எடுக்கும் மருத்துவத்தை இது குறிக்கும். ‘கைசர்’ என்றால் பேரரசர். ‘ஷ்னிட்’ என்றால் வெட்டு. இரு உறுப்புகளும் தெளிவாக விளங்குகின்றன. எனினும், அவை கூடித் தரும் ‘பேரரசர் வெட்டு’ என்னும் பொருள் மருத்துவத்தைப் பற்றி எதுவும் உணர்த்தவில்லை.

இச்சொல் ‘செக்சியோ சீசரேயா’ என்னும் இலத்தீன் தொடரின் மொழிபெயர்ப்பாகும். அதன் அடைமொழிக்கு, வெட்டுதலைக் குறிக்கும் ‘கைதெரே’ என்னும் வினையே அடி என்பர் அறிஞர் பலர். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, சீசர் என்னும் பெயரை முதலில் தாங்கியவர் தாய் வயிற்றை வெட்டி எடுக்கப்பட்டவர் என்று எழுதினார். பிற்காலத்தார் அதனை ஜூலியஸ் சீசர்மீதே ஏற்றினர். அவர் பிறந்தது கி.மு. 100இல், அவர் தாய் ஔரெலியாவோ கி.மு. 54 வரை வாழ்ந்தவர். தாய் உயிர் பிழைப்பது அரிதினும் அரிதாயிருந்த அக்கால அறுவையோடு இது பொருந்தாது.

சீசரின் பெயரே ஜெர்மனில் ‘கைசர்’ என வழங்கிப் பேரரசரைக் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. ஆகவே, மொழிபெயர்த்தோர் அடைமொழியில் வெட்டைக் காணாது வேந்தரைக் கண்டனர். டச்சு, சுவீடிய மொழிகளும் இவ்வாறே பெயர்த்துக்கொண்டன.

தமிழில் ‘சிசேரியன்’ என ஒலிபெயர்ப்பதும் உண்டு. ‘அறுவை மகப்பேறு’ எனப் பொருள்பெயர்ப்பதும் உண்டு. முன்னது பிறமொழிச் சொல்லெனத் தன்னைக் காட்டிக்கொள்கிறது; பின்னது செயலை உணர்த்துகிறது. உறுப்புக்கு உறுப்பு பெயர்த்த ஜெர்மன் சொல்லோ தாய்மொழிக் கோலத்தில் பழங்கதை ஒன்றை நிலைபெறச் செய்துவிட்டது. கலைச்சொல் படைப்போரும் அதனை வகுப்பறையில் விளக்குவோரும் மூலச்சொல்லின் உறுப்புகளை எண்ணுவதற்குமுன் அது குறிக்கும் பொருளை நோக்குதல் வேண்டும்.