உறங்கும் வீரன்

ஜப்பானிய மரப்பலகை அச்சோவியங்களுள் வீரர் ஓவியங்கள் தனியொரு வகையாகும். அவ்வகையில் பெரும்புகழ் எய்தியவர் எடோ நகரத்து உத்தகாவா குனியோஷி (1798–1861). சீன நெடுங்கதையொன்றில் வரும் 108 வீரர்களை 1827-ஆம் ஆண்டளவில் அவர் வரையத் தொடங்கியதும் அவர் பெயர் எங்கும் பரவிற்று. பச்சை குத்திய உடலும் முறுக்கேறிய தோளுமாக அவ்வீரர்கள் தாளின் விளிம்பை முட்டி நிற்பர். இம்மிடுக்கே குனியோஷியின் தனிச்சிறப்பு என்பர் பலர். ஆயினும், அவருடைய கலையின் உச்சத்தை அவர் தீட்டிய உறங்கும் வீரனிடத்தேதான் காண்கிறோம்.

1843-இல் வெளிவந்த அவ்வோவியம் மூன்று தாள்களால் ஆனது. நோயுற்ற மினமோத்தோ யோரிமிட்சு கண்ணயர்ந்திருக்கிறான். அவன் பின்னே மாபெரும் மண்சிலந்தி. காவல் வீரர்களிடையே பலகையாட்டம் நடக்கிறது. மேலே, இருளில், எண்ணற்ற பேய்கள் திரண்டு நிற்கின்றன. பழங்கதையில் யோரிமிட்சு சிலந்தியை வாளால் வெட்டி வெல்வான். ஓவியரோ அவ்வெற்றியை விடுத்து, அதற்கு முந்திய உறக்கத்தைத் தேர்ந்துகொண்டார்.

காரணம் யாது? 1573-க்குப் பிந்திய வீரர்களைப் பெயர் சுட்டி அச்சிடலாகாது என்று 1804-இல் அரசு தடை விதித்தது. 1842-இல் நடிகர், கணிகையர் ஓவியங்களும் தடுக்கப்பட்டன. அமைச்சர் மிஸுனோ தடகுனியின் கடுஞ்சீர்திருத்தங்களால் பலர் பிழைப்பிழந்தனர். நிகழ்காலத்தைப் பேசும் வழி அடைபட்டபோது, பழங்கதையே ஓவியருக்கு வாயிலாயிற்று. உறங்குபவன் ஷோகன் இயெயோஷி, பேய்கள் அல்லலுற்ற மக்கள் என நகரத்தார் பொருள் கொண்டனர். வெளியீட்டாளர் அஞ்சி ஓவியத்தைத் திரும்பப் பெற்றார்.

அப்பொருள் மக்கள் தாமே ஏற்றியது என்று வாதிடலாம். ஆனால், காவல் வீரருள் ஒருவன் உடையில் மிஸுனோ குடியின் இலைச்சின்னம் உள்ளது. அதனைத் தற்செயல் எனத் தள்ளுவது அரிது.

இச்செய்திகளை அறியாதவர்க்கும் ஓவியம் தன் கருத்தை உணர்த்திவிடுகிறது. கீழே அழுத்தமான வண்ணங்களில் மிகச் சிலர்; மேலே மங்கிய சாம்பல் நிறத்தில் பெருங்கூட்டம். மேலுள்ளோரைக் கீழுள்ளோர் பொருட்படுத்தவில்லை. உள்ளுறை சிறப்பது இவ்வாறுதான்: வெளிப்பொருள் குறைவின்றி நிற்க, உட்பொருள் அதனூடே ஒளிரவேண்டும்.

பழங்கதையைத் தீட்டுவோர் தம் காலத்தை மறந்தவர் எனக் கருதுவோர் இவ்வோவியத்தை ஒருமுறை நோக்குதல் நன்று. வாளோங்கிய வீரர் நூற்றுவரை வியந்து கடக்கும் கண், இவ்வுறக்கத்தின்முன் நின்று சிந்திக்கும்.